புளித்தண்ணீரும் இரண்டு பேட்டரியும்

பேட்டரி இறங்குகிறது என்று என்னிடம் வந்த வண்டிகளை நான் எண்ணி வைக்கவில்லை. கண்டுபிடிக்க முடியவில்லை என்று கைவிட்ட வண்டி ஒன்றும் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் ஒரு வண்டியைப் பார்த்து, குறை இல்லை என்று சொல்லி அனுப்பினேன். குறை இருந்தது. அந்த வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கிள்ளிப்பாலத்தில் எனக்கு ஒற்றை அறைக் கடை. வண்டிகளுக்கு வயரிங் வேலை. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. வயரிங் படம் ஆங்கிலத்தில் இருக்கும், எனக்குப் படிக்க வராது. வயரைத் தொட்டுக்கொண்டே போவேன். அது போகிற இடத்துக்கு நானும் போவேன். அவ்வளவுதான் என் படிப்பு.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், கோட்டைக்குள் இருக்கும் பிராமணத் தெருவிலிருந்து ஒருவர் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அரசு ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தெருக்காரர்களை நாங்கள் சாமி என்று கூப்பிடுவோம். வீட்டு அம்மாவை மாமி என்போம்.

பழைய டீசல் வேன். உள்ளே ஏறிப் பார்த்தேன். வீடு. இரண்டு பேர் படுக்கக் கட்டில், மடக்குப் பலகை, காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சின்ன மோட்டார், விசிறி, டியூப் லைட். பூஜைக்கு ஒரு தட்டு. தச்சனை வைத்துச் செய்திருந்தார்.

"எதுக்கு சாமி இது?"

"காசிக்கு."

"ரயில் உண்டே."

"அவ ரயில்ல வரமாட்டா. வெளியில பச்சைத் தண்ணி குடிக்க மாட்டா. ஒரு தடவை மெட்ராஸ் கூட்டிண்டு போனேன். வழி முழுக்க வாழைப்பழம் தின்னுண்டு வந்தா. சென்ட்ரல்ல இறங்கறச்சே மயக்கம் போட்டு விழுந்துட்டா. காசிக்கு மூணு நாள் ஆகும். அதான் அடுக்களையையே வண்டியில வச்சாச்சு."

அந்த வண்டியில் இரண்டு பேட்டரி. முன்னால் இருப்பது எஞ்சினைக் கிளப்ப. பின்னால் இருப்பது விசிறிக்கும் விளக்குக்கும் மோட்டாருக்கும். ஓடும்போது இரண்டும் சேர்ந்து சார்ஜ் ஆகும். எஞ்சினை அணைத்தால் இரண்டும் தனித்தனி. ராத்திரி முழுக்க விசிறி ஓடிப் பின் பேட்டரி செத்தாலும் முன் பேட்டரி அப்படியே இருக்க வேண்டும். இப்படிச் சேர்த்துப் பிரிக்கிற வேலையைச் செய்வது ஒரு ரிலே. கைக்குள் அடங்குகிற டப்பா.

சாமியின் வண்டியில் இரண்டு ராத்திரி நின்றால் இரண்டு பேட்டரியும் செத்துக் கிடந்தன. விசிறி போடாத நாளிலும் அப்படித்தான்.

"ரெண்டு பேர் பார்த்தாச்சு மேஸ்திரி. ரெண்டு பேரும் பேட்டரி போச்சுன்னு சொன்னா. புதுசு போட்டேன். அதுவும் படுத்துடுத்து."

எர்த் வயரைக் கழற்றி, பேட்டரிக்கும் வயருக்கும் நடுவே ஒரு பல்பைக் கோத்தேன். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது எங்காவது கரண்ட் ஒழுகினால் பல்பு சிவக்கும். ஒழுகாவிட்டால் இருட்டாகக் கிடக்கும். இரண்டு பேட்டரிக்கும் செய்தேன். இருட்டு. அரை மணி நேரம் பார்த்தேன். ரிலேயின் சேர்க்கையையும் சோதித்தேன், பிரிந்துதான் இருந்தது. அப்போது பகல் பதினொரு மணி.

"ஒழுக்கு இல்ல சாமி. கொண்டு போங்க" என்றேன்.

சனிக்கிழமை சாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். முகத்தைப் பார்த்ததும் நான் ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டேன்.

அவர் தெருவில் நாலைந்து பேர் வேனைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் மேல்துண்டை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார்:

"ஓய், இப்படியே காசி வரைக்கும் தள்ளிண்டு போயிடும். நடந்து போனா புண்ணியம் ஜாஸ்தி."

சிரித்தார்கள். சாமி சிரிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்தார்.

"வர வியாழக்கிழமை நாள் பார்த்திருக்கு. அதுக்குள்ள ஆகலேன்னா வண்டியை வித்துடப் போறேன். நான் மட்டும் ரயில்ல போயிட்டு வரேன். இவ இங்கேயே இருக்கட்டும்."

மாமி வேனுக்குள் இருந்தார். கேட்டிருக்கும். அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மறுபடி துடைத்தார்.

சரி என்று சொல்லி அனுப்பியது நான்.

இரண்டு பேட்டரியையும் கழற்றிக் கடையில் சார்ஜ் போட்டேன். மறுநாள் ஞாயிறு. சர்ச் ஆராதனைக்குப் போகவில்லை. என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பேட்டரிகளை மாட்டி, இரண்டுக்கும் தனித்தனிப் பல்பு கோத்துத் தெருவில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். வெயிலில் பல்பு சிவந்தால் தெரியாது என்று ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து அதற்குள் வைத்தேன்.

செத்தது இந்தத் தெருவில். என் கடையில் பார்த்தபோது ஒழுக்கு இல்லை. அப்படியானால் இந்தத் தெருவில் என்னவோ நடக்கிறது. அது நடக்கும்வரை எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

பத்து மணி. இருட்டு. பன்னிரண்டு. இருட்டு. எதிர்வீட்டுக்காரர் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தார்.

"எந்தா ஆசானே, பெட்டிக்குள்ள என்ன அடைகாக்கறே? முட்டை பொரிஞ்சுதோ?"

"இல்ல சாமி. பொரிஞ்சா உங்களுக்கு ஒரு குஞ்சு."

அவர் வீட்டம்மாள் உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது. அதற்குப் பிறகு அவர் என் பக்கம் வரவில்லை.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினேன். கதவுகளைத் திறந்து மூடினேன். வண்டியை ஆட்டினேன். ஒன்றுமில்லை. மூன்று மணிக்கு மாமி வேனில் ஏறி, மோட்டார் போடாமல் குடத்துத் தண்ணீரில் சமைத்தார். பத்து நாளாக இராச் சாப்பாடு மட்டும் வேனில்தான் சமைத்தாராம். வழியில் தடுமாறக் கூடாது என்று இங்கேயே பழகிக்கொள்கிறார். பொரிச்ச குழம்பு வாசனை வந்தது. பல்பு இருட்டு.

ஐந்து மணிக்குத் தலையை நீட்டினார்.

"மேஸ்திரி, கொஞ்சம் அந்தண்டை நகருங்கோ. பாத்திரம் தேய்க்கணும், தண்ணி வரும்."

"வண்டிக்குள்ளயா மாமி தேய்க்கியது?"

"பின்னே? வழியில கண்ட குழாயடியில கொண்டுபோய் வைக்கச் சொல்றேளா?"

உள்ளே பித்தளை உருளி, வெண்கலப் பானை, பஞ்சபாத்திரம். எல்லாம் புளி போட்டுத் தேய்க்கிற பாத்திரம். தேய்த்த தண்ணீர் போகத் தச்சன் தரையில் ஒரு துளை போட்டிருந்தான். நான் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

பெட்டிக்குள் குனிந்து பார்த்தேன். ஒரு பல்பின் இழை சிவந்திருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். இரண்டாவது பல்பும் சிவந்தது.

"மாமி, தேய்ப்பை நிறுத்தாதீங்க. இன்னொரு சொம்பு விடுங்க."

"என்ன ஆச்சு?"

"விடுங்க மாமி. புளித்தண்ணியா விடுங்க."

ஊற்றினார். இரண்டு பல்பும் நன்றாகச் சிவந்தன. நான் மல்லாக்கப் படுத்து அடியில் நுழைந்தேன். அந்த ரிலே, துளைக்கு நேர் கீழே சேஸிஸில், வண்டியின் அடிச்சட்டத்தில், முடுக்கியிருந்தது. கடைக்கு வந்த அன்று மேலேயிருந்து கையை விட்டுச் சோதித்தேனே தவிர அடியில் படுத்துப் பார்க்கவில்லை. இரண்டு பேட்டரியின் கனத்த வயர்களும் அதில்தான் வந்து சேர்ந்தன. அந்த முனைகளிலிருந்து இரும்புச் சட்டம் வரை பாசிபோல் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். புளித்தது.

அதோடு விளங்கிவிட்டது. பேட்டரிக்குள் இருப்பதும் புளிப்புத் தண்ணீர்தான். மாமி தினமும் சாயங்காலம் வண்டிக்கு அடியில் மூன்றாவது பேட்டரி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். களிம்பு ஈரமாக இருக்கும்வரை அதன் வழியாக இரண்டு பேட்டரியின் கரண்டும் இரும்புக்கு இறங்கும். வெயில் ஏறினால் காய்ந்துவிடும், ஒழுக்கு நிற்கும். மெக்கானிக்குகள் எல்லோரும் பகலில்தான் பார்த்தோம். ஃபியூஸை உருவியும் பயனில்லை, அந்தக் கனத்த வயர்கள் ஃபியூஸ் பெட்டி வழியாகப் போகவே இல்லை.

வெளியே வந்து சாமியிடம் சொன்னேன். அவர் மாமியிடம் திரும்பினார்.

"கேட்டியா? எல்லாம் உன் புளி பண்ற வேலை. ரெண்டு பேட்டரியைத் தின்னுடுத்து. இனிமே சோப்புப் பொடி போட்டுத் தேய்."

"பெருமாளுக்கு நைவேத்தியம் கைகாட்டற பாத்திரம்னா. சோப்பு போடமாட்டேன்."

"அப்போ ஆத்துலயே இரு."

மாமி உருளியைக் கீழே வைத்தார். தேய்த்த பாதி மினுங்கியது, மறு பாதி கறுப்பு. நான் குறுக்கே பேசினேன். பொதுவாக நான் பிறர் வீட்டுப் பேச்சில் நுழைவதில்லை.

"சாமி, மாமி பேர்ல குத்தம் இல்ல. ஓட்டைக்கு அடியில கொண்டு ரிலேய வச்சவன் பேர்லயாக்கும் குத்தம். அதப் பாக்காம சரின்னு சொன்னது நான். மாமி ஒண்ணும் மாத்தாண்டாம். வயர நான் மாத்துதேன்."

"வியாழக்கிழமைக்குள்ள ஆகுமா?"

"நாளைக்கே ஆவும்."

திங்கட்கிழமை ரிலேயைக் கழற்றி எறிந்தேன். புதியதை உள்ளே, டிரைவர் சீட்டுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் முடுக்கினேன். வயர்களைப் பச்சை ஏறிய இடம் வரை வெட்டிப் புது முனை வைத்தேன். இரண்டு கனத்த வயருக்கும் பேட்டரிப் பக்கத்திலேயே ஒவ்வொரு ஃபியூஸ். தரைத் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகிப் பின் சக்கரத்துக்கு அப்பால் கொண்டு விட்டேன். புளித்தண்ணீர் இனி ரோட்டில்தான் விழும்.

வேலை முடிந்ததும் சாவியைக் கேட்டு வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஏன் மேஸ்திரி?"

"வியாழக்கிழமை காலைல தருவேன். அதுவரை எஞ்சினைத் தொடாண்டாம். ஓட்டினா சார்ஜ் ஏறும். அப்போ நான் செய்தது சரியா தப்பான்னு தெரியாது. மாமி தினமும் சமைக்கட்டு, தேய்க்கட்டு."

மூன்று ராத்திரி. சாமி தினமும் கடைக்கு வந்து, தெருமுனையில் வேறு வேலை இருந்ததுபோல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மாமி தேய்த்தாராம். வீட்டில் பரண் மேல் கிடந்த அண்டாவையும் இறக்கித் தேய்த்தாராம். அது சாமி சொன்னது.

வியாழன் காலை தெருவே கூடி நின்றது. எதிர்வீட்டுக்காரர் தள்ளுவதற்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். நான் சாவியைச் சாமியிடம் கொடுத்தேன். அவர் திருப்பினார். வண்டி கிளம்பியது. எதிர்வீட்டுக்காரர் மடித்த வேட்டியை இறக்கி விட்டார்.

மாமி சன்னல் வழியாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் ஏறிக்கொண்டேன், பழவங்காடி வரை. எங்கள் ஊரில் எந்த வண்டி தூரம் போனாலும் அங்கே கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும். சாமி எஞ்சினை அணைக்காமலே இறங்கப் போனார்.

"அணையுங்க சாமி."

"வேண்டாம் மேஸ்திரி. பின்னாடி பஸ் நிக்கறது. கிளம்பலேன்னா மானம் போயிடும்."

"என் மானமாக்கும் போகும். அணையுங்க."

அணைத்தார். தேங்காய் உடைத்தார். பஸ்காரன் ஹாரன் அடித்தான். சாமி வந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே பிடித்தது.

நான் இறங்கினேன். வேன் வளைந்து மறைந்தது. பஸ்காரன் என்னை ஏசிக்கொண்டே போனான். கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு நன்றாக இருந்தது.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து வேன் என் கடை வாசலில் வந்து நின்றது. சேறும் தூசியுமாக இருந்தது. சாமி இறங்கவில்லை. மாமி இறங்கி வந்தார். கறுத்திருந்தார். ஒரு சின்னச் செம்பில் கங்கைத் தண்ணீர் கொடுத்தார். நான் வேதக்காரன், கிறிஸ்தவன், என்று அவருக்குத் தெரியும். வாங்கிக்கொண்டேன்.

"மேஸ்திரி, காசி, பிரயாகை, கயா எல்லாம் ஆச்சு. போக வர ஒருவேளைகூட வெளியில சாப்பிடலை. எல்லாம் நம்மாத்துச் சமையல்தான்."

"எங்கயாவது தள்ளினீங்களா மாமி?"

"ஒருத்தர் கை படலை."

"சரி" என்றேன்.

அன்று அரை நாள் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். மனைவி உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.