ரொக்கெட் போயிட்டுதோ, மிஸ்?

ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருப்பவளுக்கு ஊரில் நடப்பதெல்லாம் முதலில் காதுக்கு வரும். நடக்காததற்கெல்லாம் ஏச்சும் அவளுக்கே வரும். வெளியூருக்கு ட்ரங்க் கோல் பதிந்துவிட்டுக் காலையிலிருந்து பின்னேரம் வரை சாப்பிடாமல் குந்தியிருந்த அன்பர்களே, நீங்கள் எங்களை ஏசியது நியாயம்தான். ஆனால் அந்தப் பக்கம் இருந்த நாங்களும் சாப்பிடவில்லை.

எழுபதுகளில் திருகோணமலை எக்ஸ்சேஞ்சில், லைன்களை இணைக்கும் பலகைக்கு முன்னால் பகல் வேலைக்கு நானும் பாக்கியமும் இருந்தோம். எங்களுக்குப் பின்னால் சுப்பர்வைசர் மரியநாயகம். வெளிநாட்டு அழைப்பு என்றால் நாங்கள் கொழும்பைப் பிடிக்க வேண்டும், கொழும்பு கடல் கடந்த ஊரைப் பிடிக்க வேண்டும். வந்து சேரும் குரல் யாரோ கிணற்றுக்குள் நின்று கூப்பிடுவது போல இருக்கும். அப்படியிருக்க ஒருநாள் காலைச் செய்தியில், வெளிநாடொன்றில் ரொக்கெட் விடப்போகிறார்கள், அது கொண்டுபோகிற செய்மதி வானத்தில் நின்று உலகத்து ரெலிபோன் பேச்சையெல்லாம் கடத்தும் என்றார்கள். அந்தக் கிழமை எங்கள் நிம்மதி போனது.

வெங்காயக் கடை லைன்

முதலில் கோல் எடுத்தவர் சந்தையில் வெங்காயக் கடை வைத்திருந்த காசிம் நானா. மூதூர்க்காரர். வழக்கமாக நம்பரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பவர், அன்றைக்கு நம்பரே கேட்கவில்லை. ரொக்கெட் எவ்வளவு உயரத்துக்குப் போகும் என்றார். கண்ணுக்குத் தெரியாத உயரத்துக்கு என்றேன். கம்பிகளுக்கும் மேலாலையா என்றார். ஓம் என்றேன். 

பிறகு மெதுவாகக் கேட்டார்: "அது மேலால போகக்குள்ள என்ட கடை லைனக் கிழிச்சிராதா, புள்ள?"

வேலை போகும் சேதி

துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனி மனேச்சர் இருந்தார். எங்களுக்கு வணக்கம் சொன்னதில்லை, நன்றி சொன்னதில்லை. அவருடைய அழைப்பைப் பாக்கியம் எடுத்தாள். கொழும்பு கிடைக்கச் சுணங்கியதும் மனிசன் அமைதியாகச் சொன்னாராம், செய்மதி மேலே போனால் ஆட்கள் தாங்களே நம்பரைச் சுழற்றிப் பேசிக்கொள்வார்கள், உங்களைப் போன்றவர்களுக்கு வேலை இராது என்று.

பாக்கியம் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவளுடைய புருஷன் லொறியில் இருந்து விழுந்து கால் முறிந்து அன்புவழிபுரத்து வாடகை வீட்டில் படுத்திருந்த காலம் அது. பிள்ளைகள் மூன்று பேர். "உண்மையோ ஐயா?" என்று சுப்பர்வைசரைக் கேட்டபோது அவளுடைய உதடு வெளுத்திருந்தது.  இல்லை என்று சொல்வார் என்றுதான் நாங்கள் இருவரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஓம் பிள்ளை, ஒருநாளைக்கு எங்களை வீட்டுக்கு அனுப்பத்தான் போறாங்கள். அதுமட்டும் காதிலை கிடக்கிறதைக் கழட்டாதை, கந்தளாய் லைன் காத்துக்கொண்டு நிக்குது."

ஹோல்ட்

அப்படிச் சொன்ன மனிதர்தான் அடுத்தநாள் வீட்டு ட்ரான்சிஸ்டரைக் கொண்டுவந்து அலுமாரிக்கு மேல் வைத்தார். எக்ஸ்சேஞ்சுக்குள் கதைக்கவே விடாதவர்! ஆங்கில ஒலிபரப்பு. ரொக்கெட் விடப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்தவர்கள் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். காற்றுச் சரியில்லை, ஹோல்ட், பொறுத்திருங்கள் என்றார்கள். மறுநாளும் ஹோல்ட். பலகையில் விளக்கெல்லாம் எரிகிறது, எடுத்தால் எல்லாரும் ஒரே கேள்வி, "ரொக்கெட் போயிட்டுதோ, மிஸ்?"

பாக்கியம் அலுத்துப்போய்ச் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் நாங்கள் 'ஹோல்ட் ஓன்' சொன்னம். இப்ப எங்களுக்கே சொல்லிப்போட்டாங்கள்."

வெள்ளிக்கிழமை பின்னேரம்

முன்பக்கம், சொந்தமாக ரெலிபோன் இல்லாதவர்கள் பேசுவதற்கு ஒரு கூண்டு இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அதன் வாசலில் பூரணம் என்றொரு பெண் உட்கார்ந்திருந்தாள். சல்லி ஊர்க்காரி. புருஷன் கப்பலில் சமையல்காரன். பல மாதங்களாகக் கடிதமில்லை. கப்பல் இப்போது ஜேர்மனியில் ஹம்பேர்க் துறைமுகத்தில் நிற்கிறது, அங்கே அலுவலகத்துக்கு எடுத்தால் ஆளைக் கூப்பிடுவார்கள் என்று யாரோ நம்பர் கொடுத்திருந்தார்கள். காலையிலேயே பதிந்துவிட்டு, ரொக்கெட் போனால்தான் தன் அழைப்பும் போகும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் மறுபடியும் எண்ணத் தொடங்கினார்கள். காசிம் நானாவின் லைனையும் மனேச்சருடைய லைனையும் சேர்த்துப் போடச் சொல்லிவிட்டு, அவர்களுக்கும் கேட்கட்டும் என்று சுப்பர்வைசர் ட்ரான்சிஸ்டரை என் வாய்க்கு முன்னால் இருந்த மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். பத்து, ஒன்பது என்று வந்து பூச்சியத்தில் பெரிய இரைச்சல். அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். சொல்லி முடிக்கவில்லை. பாதி வசனத்தில் குரல் நின்றுபோனது.  பிறகு வேறொரு குரல், மிகவும் தணிந்த குரல்.

"வெடிச்சிட்டுது," என்றார் சுப்பர்வைசர், தனக்குத்தானே சொல்வது போல.

என் கை லைன்களைப் பிரிக்க மறந்து அப்படியே இருந்தது. காசிம் நானா "யா அல்லாஹ்" என்றார். மனேச்சர் லைனை வைத்துவிட்டார். பாக்கியத்தின் முகத்தில் ஒரு சிரிப்பு வரப்பார்த்தது; அவள் பயந்துபோய்ச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அப்போது பூரணம் எழுந்து வந்து கேட்டாள்: "அதுக்குள்ளை ஆக்கள் ஆரும் இருந்தவையே, தங்கச்சி?"

அந்தக் கிழமை எத்தனையோ பேர் எடுத்தார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆட்கள் இல்லை, வெறும் கருவிகள்தான் என்று சுப்பர்வைசர் சொன்னபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பூரணம் தலையாட்டினாள். "அப்ப இரும்புதானே. இன்னொருக்காச் செய்யலாம்."

ஹம்பேர்க்

பழைய வழி இருக்கிறது, அம்மா, அதுக்கு ரொக்கெட் தேவையில்லை என்று நான் அவளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருக்கும்போதே கொழும்பு கூப்பிட்டது. ஹம்பேர்க் லைனில் என்றார்கள். அவளைக் கூண்டுக்குள் அனுப்பிவிட்டு இணைத்தேன். கிணற்றுக்குள் இருந்து ஓர் ஆண்குரல், "ஹலோ, ஹலோ, ஆரது?" என்றது.

பூரணம் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். கதையுங்கோ அம்மா என்றேன். "உசிரோடை இருக்கிறியளே?" என்றாள். "ஓம், பூரணம், நான்தான்..." என்று அந்தக் குரல் தொடங்கியது. "அப்ப சரி," என்றாள். வைத்துவிட்டாள்.

பலகையில் விளக்கு அணைந்ததைப் பார்த்து நான் திகைத்துப்போனேன். என் வேலைக்காலத்தில், அவ்வளவு காத்திருந்த அழைப்பை அப்படி வைத்தவர்கள் வேறு யாருமில்லை. எழுந்து கூண்டடிக்கு ஓடினேன்.  ஏனம்மா, இன்னும் நேரம் இருக்குதே என்றேன்.

கூண்டுக் கதவைப் பக்குவமாகச் சாத்திவிட்டு அவள் சொன்னாள்: "செத்துப்போனாரெண்டு அழவேண்டியதெல்லாம் அழுது முடிச்சிட்டன், தங்கச்சி. இனிக் கோவிக்கத் தொடங்கோணும். அதுக்கு ஆள் நேரிலை வரட்டும்."

ஊரையெல்லாம் பேசவைத்த வேலையில் இருந்து நான் ஓய்வுபெற்றுவிட்டேன், ஆனாலும் வீட்டில் ரெலிபோன் மணி அடித்தால், ஏச்சுத்தான் வருமோ என்று இன்றைக்கும் பக்கத்தில் இருப்பவரைத்தான் எடுக்கச் சொல்கிறேன்.