அத்தை சொன்ன பிற்பாதி

தொலைக்காட்சித் தொடரில் போன வாரம் நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்த மாமனார், இந்த வாரம் சம்மன்கூட இல்லாமல் சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டார். எந்த நீதிமன்றத்தில் இப்படி நடக்கும் என்று கேட்டேன். "அத்தை, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. பேசாம பாருங்க" என்றாள் மருமகள். மனுக்களைப் படித்து, முன்னுக்குப்பின் முரணாக இருந்தால் குறை எழுதித் திருப்பி அனுப்புவதுதான் நீதிமன்ற அலுவலகத்தில் எனக்கு வாய்த்த உத்தியோகம். அந்த வேலையை ஒன்பது வயதிலேயே சம்பளமில்லாமல் தொடங்கியிருந்தேன். முதலில் அகப்பட்டவள் என் அத்தை.

அப்பாவின் தங்கை. கொள்ளேகாலில் பட்டு நூல் வியாபாரம் செய்யும் குடும்பத்தில் கொடுத்திருந்தது. ஒருநாள் காலையில் ஒற்றைப் பெட்டியோடு மைசூருக்கு வந்தவள், தேவராஜ மொஹல்லாவில் இருந்த எங்கள் ஒண்டுக்குடித்தனத்திலேயே தங்கிவிட்டாள். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றார் அப்பா. அம்மா நர்ஸ்; மாலை வரை டியூட்டி. ஆகவே அந்தக் கொஞ்ச நாள் எல்லோருக்கும் வசதியாக நீண்டது.

தமிழ்ப் படம் வந்தால் சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் போய்வர அத்தைக்கு அனுமதி உண்டு. சாயங்காலம் முற்றத்துக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குத் திரும்பிவிடுவாள். தண்ணீர் பிடிப்பது அவள் பொறுப்பு. குடங்கள் வரிசையில் நிற்க, பெண்கள் சுற்றி உட்கார, முழுப் படமும் அங்கே மறுபடி ஓடும். எதிர்வீட்டுக் கன்னடக்கார அக்காவுக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆனாலும் தன் குடம் நிரம்பி வழிவதை மறந்து, "ஆமேலே? ஆமேலே?" என்று அடுத்த கட்டத்துக்கு அவசரப்படுத்துவார்.

கதை பாதி வரை ஒழுங்காகப் போகும். அதன்பின் எனக்கு வேலை வந்துவிடும். முதலில் கண் தெரியாமல் இருந்த தாய் பின்னால் தையல் வகுப்பு நடத்துவாள். எந்தப் படமானாலும், கதாநாயகியை அடித்துத் துரத்திய கணவன் நடுவில் காணாமல் போய்விடுவான். சாகவும் மாட்டான், ஜெயிலுக்கும் போகமாட்டான். அவளோ ஊட்டிக்கு பஸ் ஏறி, டீச்சர் வேலையில் சேர்ந்து, ஒரு நாய் வளர்ப்பாள். அவ்வளவுதான், சுபம்.

"அத்தை, அந்தப் புருஷன் என்ன ஆனான்?"

"அவன் எதுக்குக் கண்ணு இனி? போய்த் தொலையட்டும்."

"சினிமால அப்படி விடமாட்டாங்க அத்தை."

"பந்த்ரு நோடி, ஜட்ஜம்மா!" வந்துட்டாங்க பாருங்க என்று கன்னடத்தில் அறிவித்து, எதிர்வீட்டு அக்கா எழுந்து எனக்கு வழிவிடுவது போலப் பாவனை செய்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தைதான் அதிகம் சிரிப்பாள்.

அத்தையின் முன்கையில் நீளமாக ஒரு தழும்பு இருந்தது. தோசைக்கல் சுட்டது என்று என்னிடம் சொல்லியிருந்தாள். குழாயடியில் அக்கா கேட்டபோது, புகுந்த வீட்டுக் கிணற்றில் இறைக்கும்போது கயிறு அறுத்தது என்றாள். பெரியவர்களுக்கு மறதி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் போனேன். இடைவேளை விளக்கு எரிந்ததும் அத்தை எழுந்துவிட்டாள்.

"எந்திரி கண்ணு, தண்ணி வந்துரும்."

"படம் இன்னும் முடியலையே!"

"நமக்கு முடிஞ்சுது."

மார்க்கெட் வழியாக வேகமாக நடந்தோம். மீதிக் கதை என்று சிணுங்கினேன். "நடந்தாத் தானா வரும்" என்றாள். வாழைப்பழக் கடைகளைத் தாண்டுவதற்குள் கதாநாயகி ஊட்டி போய்ச் சேர்ந்திருந்தாள்.

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் ஒரு சட்டப் பிரச்சினையை எழுப்பினேன். பார்க்காத படத்துக்கு ஒருவர் எப்படிக் கதை சொல்லலாம்? அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். அவர் நல்ல மனிதர். "அடப் பாவமே, தண்ணி பிடிக்கோணும்னு பாதியில ஓடியாந்திருக்கறயா அம்மிணி?" என்றார். மறுநாள் குடங்களை எதிர்வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, எங்கள் எல்லோரையும் அதே படத்துக்கு, அதுவும் பால்கனி டிக்கெட்டில், கூட்டிப் போனார்.

இடைவேளைக்குப் பிறகு கணவன் திரும்பி வந்தான். காய்ச்சலில் கிடந்தான். அவள் ஓடிவந்து அவன் காலில் விழுந்து அழுதாள். மாமியார் விளக்கேற்றினாள். ஒரு பிசிறு இல்லாமல் எல்லாம் பொருந்திய கதை. எனக்குப் பரம திருப்தி. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் அப்பா, முன்னால் நடந்தபடியே, "சினிமாதான். இருந்தாலும் அதுல ஒரு நியாயம் இருக்குது, இல்லீங்களா?" என்றார். அம்மாவிடம் கேட்பது போல இருந்தது. அத்தை குனிந்து என் காதோடு சொன்னாள்: "நீ தேடுனியே கண்ணு, வந்துட்டான் பாரு."

அதற்கடுத்த வாரம் குழாயடியில் கதை கேட்டார்கள். "நீங்களே போய்ப் பாருங்க, நல்லாத்தான் எடுத்திருக்கறாங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மழைக்காலம் தொடங்கும் முன் அப்பா ஆளனுப்ப, கொள்ளேகாலிலிருந்து மாமா வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். அம்மாவுக்குப் பட்டுத் துணி, எனக்கு பிஸ்கட் பொட்டலம். பஸ் நிலையத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அத்தை கையை வெளியே நீட்டி என் மோவாயைப் பிடித்தாள். வளையல்கள் மணிக்கட்டுக்குச் சரிந்தன. தழும்பு என் முகத்துக்கு நேரே இருந்தது.

"இனிமேலாச்சும் படத்த முழுசாப் பாத்துட்டு வந்து சொல்லுங்க அத்தை" என்றேன்.

"ஆகட்டுங்க, ஜட்ஜம்மா."

அதன்பின் விசேஷங்களுக்கு வந்தாள், மாமாவோடு. கதை மட்டும் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவள் இப்போது உயிரோடு இல்லை.

பின்னாளில் என் மேசைக்கு வந்த வழக்குக் கட்டுகளில், ஒரே காயத்துக்கு இரண்டு காரணம் சொன்ன பெண்கள் பலர் இருந்தார்கள். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுவேன். இரண்டு காரணம் இருந்தால் சொல்லப்படாத மூன்றாவது ஒன்று இருக்கும் என்பது எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாவுக்குக்கூடத் தெரியும்.

அன்று கொள்ளேகால் பஸ் கிளம்பியது. கையசைத்தேன். அத்தையின் கல்யாணத்துக்குப் போய் அந்த வீட்டில் தங்கி, கொல்லை வரை ஓடி விளையாடியவள் நான். அங்கே தெருக்குழாய்த் தண்ணீர்தான். அந்த வீட்டில் கிணறே கிடையாது.