மிளகாய்க் காட்டில் கோழி

இன்று மதியம் சேலத்தில் சிச்சுவான் என்ற காரமான சீனச் சமையல் உணவகம் ஒன்றுக்குப் போனோம். நான், என் மகள், அவள் விரும்பும் பையனின் அப்பா. எருமப்பட்டிக்காரர். கல்யாணத்துக்கு அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை.

முதலில் வீட்டுக்குத்தான் சாப்பிட அழைத்தேன்.

"பேசி முடிக்காம பொண்ணு ஊட்டுல கை நனைக்கக் கூடாதுங்க. வெளிய எங்கியாச்சும் போலாமுங்க" என்றார்.

உணவகம் மகளின் தேர்வு. அந்தச் சமையலைப் பற்றி நான் நேற்றே படித்துக் குறித்து வைத்திருந்தேன். தட்டு நிறையக் காய்ந்த மிளகாய் இருக்கும். அது வாசத்துக்கு மட்டும்தான், ஒதுக்கிவிட வேண்டும்.

ஆனால் அதைச் சொல்லத் தயங்கினேன். ஒன்றும் தெரியாதவர் என்று நான் நினைப்பதாக அவர் எடுத்துக்கொண்டால்? அதற்குள் கோழி வறுவல் வந்துவிட்டது.

"ஏனுங்க, மொளகாய்க் காட்டுல கோழியத் தேடோணுமாட்ட இருக்குது" என்று சிரித்தபடி, மிளகாயையும் சேர்த்தே மென்றார். மூன்றாவது மிளகாயில் கண்ணில் நீர் கொட்டியது.

"ஐயோ மாமா, மிளகாயை ஒதுக்கிடுங்க!" என்றாள் மகள்.

"மொதல்லயே சொல்லக் கூடாதா சாமி?"

"எனக்குத் தெரியுங்க. சொல்லப் பயந்துட்டேன்" என்று ஒப்புக்கொண்டேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு கேட்டார்: "உங்க ஊட்டுல மோர் இருக்குங்களா?"

இருந்தது. அயோத்தியாப்பட்டணத்தில் உள்ள எங்கள் வீடு வரை வாயைத் திறந்தபடியே வந்து, கூடத்தில் உட்கார்ந்து இரண்டு சொம்பு குடித்தார்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: மோர் குடித்தால் கை நனைத்த கணக்கில் சேருமா? மகள் சேரும் என்கிறாள். அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.