முள் என்று நினைத்தது

எனக்குச் சோறு இறங்காமல் நெஞ்சுக்கு மேலே நின்றுகொண்டபோது மீன்முள் என்றுதான் நினைத்தோம். தீவில் மூன்று வேளையும் மீன் தின்கிறவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

நாங்கள் குடியிருக்கும் டெய்ரி ஃபார்ம் பகுதியில் பக்கத்து வீட்டு வங்காளத்து அக்கா, "காண்டா ஹை, பாபி. சூக்கா பாத் நிகல் ஜாவ்" என்றாள். முள்தான் அண்ணி, வெறும் சோற்றை உருட்டி விழுங்கு என்று இந்தியில் அர்த்தம். விழுங்கினேன். உருண்டை நின்ற இடத்திலேயே நின்றது, மூச்சு முட்டியது. ஆனாலும் எட்டு மாதம் உருட்டிக்கொண்டே இருந்தேன். இன்று நினைத்தால் என்மேலேயே கோபம் வருகிறது.

உடம்பு பாதியானதும், "மெயின்லேண்டுக்குப் போங்க" என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். வேறெதுவும் சொல்லவில்லை. புற்று என்று நானே முடிவுகட்டிவிட்டேன். கப்பலுக்குக் காத்திருந்த இருபது நாளும் பிள்ளைகளின் கிழிந்த துணிகளைத் தைத்து வைத்தேன். பிள்ளைகளை அந்த அக்காவிடமே விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

கப்பலின் மேல்தளத்தில், டெக்கில், என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "நான் போயிட்டா புள்ளைகள ஊருக்கு அனுப்பிறாதீங்க. உங்க கூடவே வச்சுக்கங்க."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு, "கஞ்சி ஆறுது, குடி" என்றார்.

மெட்ராஸில் பேரியம் (எக்ஸ்ரேயில் உணவுக்குழாய் தெரிவதற்காகக் குடிக்கத் தரும் வெள்ளைக் கரைசல்) கொடுத்துப் படம் எடுத்தார்கள். வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து, பயப்படக்கூடத் தெம்பில்லை.

"புற்று இல்லம்மா" என்றார் டாக்டர். "வலது கைக்குப் போற தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாய்) உங்களுக்கு உணவுக்குழாய்க்குப் பின்னால சுத்திக்கிட்டுப் போகுது. பிறவியிலேயே அப்படி. அபூர்வமாத்தான் பார்க்கிறோம். வயசாக ஆக அது விறைச்சு, அழுத்துது."

"ஆபரேஷன் பண்ணணுமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நெஞ்சைத் திறக்கணும். இந்த உடம்பு தாங்காது. குழைவா, கொஞ்சங் கொஞ்சமாச் சாப்பிட்டுக் காலம் தள்ளலாம்."

அங்கேயே அழுதேன். சோற்றை எடுத்து வாய்க்குக் கொடுக்கும் கைக்கு ஓடுகிற ரத்தம்தான் சோற்றுக்கு வழிமறித்து நின்றிருக்கிறது.

உங்களில் யாருக்காவது சாப்பாடு இறங்கவில்லை என்றால் உருட்டி விழுங்காதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

எனக்குக் குணமாகவில்லை, சாகவும் இல்லை. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு மணி நேரம். மூன்று வேளைச் சாப்பாடு போக மிஞ்சுவதுதான் இப்போது என் நாள். அலுப்பாகத்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் எதிரே உட்கார்ந்திருப்பார். "ஆபீசுக்குப் போங்களேன்" என்று எரிந்து விழுவேன். அசையமாட்டார். எனக்கு ஒவ்வொரு வாய் இறங்கும்போதும் அவர் தொண்டையும் ஒருமுறை ஏறி இறங்கும்.