ரெண்டு மணிக்கார அக்கா

பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், எழுந்து நடமாட முடியாதவர்கள் படுத்திருக்கும் நீள வார்டில், அவள் பதினோரு வருடம் உதவியாளராக இருந்தாள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கட்டில் கட்டிலாகப் போய் ஆளைப் புரட்டிவிடுவாள். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். அதனால் வார்டே அவளை ரெண்டு மணிக்கார அக்கா என்றது. சொந்தப் பேர் வருகைப் பதிவேட்டோடு நின்றுபோனது. "கோழியைச் சுடுற மாதிரி திருப்பித் திருப்பிப் போடுறியே!" என்று ஒருவர் கத்தியதற்கு, "கருகாம இருக்கணுமில்ல" என்றாளாம்.

அந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இடுப்பு முறிந்த தையற்காரர் ஒருவர் வந்தார். வலியில் துடித்துக்கொண்டே இருந்த மனுஷன், ஒருநாள் மாத்திரை வேலை செய்து அசந்து தூங்கினார். பாவம், தூங்கட்டும் என்று இவள் விட்டுவிட்டாள். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வாலெலும்பின் மேல் ஒரு சிவப்பு. பிறகு கொப்புளம், பிறகு குழி. அந்தப் புண் ஆற ஏழு மாதம் ஆயிற்று. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீ தொட்டா நோகவே மாட்டேங்குதும்மா" என்பார். அந்தப் பாராட்டுதான் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

முழங்கால் தேய்ந்து மாடிப்படி ஏற முடியாமல் போனதும் வார்டை விட்டாள். வீடுகளுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தாள். அப்படிப் போன மூன்றாவது வீடு ஒரு பஸ் டிரைவருடையது. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறினாலும் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

முதல் நாள் போனபோது டிரைவரின் மனைவி அவரை அசையவிடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். படுத்தபடியே சோறு, படுத்தபடியே தண்ணீர். "அவரு நல்லா ஓய்வெடுக்கட்டும் அக்கா. முப்பது வருஷம் ஓடுன ஒடம்பு."

"ஓய்வெடுக்கட்டும் அண்ணி. ஆனா ஒரே பக்கமா வேணாம்." போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்த்தாள். சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தாள். "பாத்தீங்களா? அழுத்துனா வெளுக்கணும். இது வெளுக்கவே இல்ல. உள்ள ரத்தம் ஓடலன்னு அர்த்தம்."

கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் வைத்தாள். விரிப்பின் சுருக்கங்களை இழுத்துவிட்டாள். சாப்பாடு இனிமேல் நிமிர்ந்து உட்கார்ந்துதான், புரை ஏறிச் சளி கட்டிவிடும் என்றாள். ஒரு மணிக்கொரு தரம் பத்து முறை மூச்சை இழுத்து விடவேண்டும், கணுக்காலை மடக்கி நீட்டவேண்டும், விழுந்த காலை அவளே மடக்கிவிடுவாள்.

"மலைப்பாதையிலகூட இத்தனை திருப்பம் கெடையாது தங்கச்சி" என்றார் டிரைவர்.

"இறங்குற எடம் வர்ற வரைக்கும் திருப்பம்தான் அண்ணே."

பத்து நாளில் குதிகால் பழைய நிறத்துக்கு வந்தது. மூன்றாவது வாரம் டிரைவர் முறுக்கிக்கொண்டார். கையும் வேண்டாம், காலும் வேண்டாம், விட்டுவிடு என்றார். இரண்டு நாள் அவளும் விட்டுக்கொடுத்தாள். புரட்டியதோடு சரி.

மறுநாள் காலை உடம்பு துடைக்கும்போது வலது கெண்டைக்கால் கையில் கல் மாதிரி தட்டுப்பட்டது. சூடாகவும் இருந்தது. அண்ணியிடம் அளவுநாடா வாங்கி இரண்டு காலையும் சுற்றிப் பார்த்தாள். வலது கால் மூன்று சென்டிமீட்டர் அதிகம்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் டிரைவரின் மச்சான், அண்ணியின் கூடப்பிறந்த அண்ணன். கையில் எண்ணெய்ப் பாட்டில். "நீர் கோத்திருக்கு, அவ்வளவுதான். நல்லா அழுத்தித் தேச்சா வடிஞ்சிடும்" என்று சட்டைக் கையை மடித்தார்.

அவள் கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள். "தேய்க்கக் கூடாதுண்ணே. உள்ள ரத்தம் கட்டியிருந்தா, தேச்சதும் கழண்டு நேரா நுரையீரலுக்குப் போயிடும். ஆளு தங்க மாட்டாரு."

"பெட்பேன் எடுக்க வந்தவ டாக்டர் வேலை பாக்குறியா?"

"நான் டாக்டர் இல்லண்ணே. அதனாலதான் டாக்டர்கிட்ட காட்டச் சொல்றேன்."

மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. அண்ணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அண்ணன் கையிலிருந்த பாட்டிலை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு, "ஆம்புலன்சுக்குப் போன் போடுங்கண்ணே" என்றாள். அந்த வீட்டில் அவள் அப்படி ஒரு முடிவு சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஸ்கேனில் முழங்காலுக்கு மேலே ரத்தக்கட்டி இருந்தது. உடனே ஊசி ஆரம்பித்தார்கள். "யாராவது காலைத் தேச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது மச்சான்தான் முந்திக்கொண்டார். "சேச்சே, நாங்க கைகூட வைக்கல டாக்டர்!"

வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவளை அண்ணி கையெடுத்துக் கும்பிட வந்தாள். அவள் சட்டென்று கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். "வேணாம் அண்ணி. ரெண்டு நாள் கோவிச்சுக்கிட்டாருன்னு நான் காலை அசைக்காம விட்டேன். இது அதனால வந்துச்சா இல்லையான்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா விட்டது விட்டதுதான்." அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை விடாமல் வைத்திருந்தாள்.

டாக்டர் சரியென்ற பிறகு எல்லாம் மறுபடி தொடங்கியது. முதலில் கட்டில் ஓரத்தில் கால் தொங்கப்போட்டு உட்கார்வது. தலை சுற்றியது, இரண்டு நாள் குமட்டியது. பிறகு நாற்காலி. பிறகு வாக்கரைப் பிடித்து நிற்பது. மச்சான் தினமும் வந்து கணுக்கால் பயிற்சிக்கு எண்ணிக்கை சொன்னார். ஆறுக்கு அப்புறம் எட்டு என்று தாவினால் டிரைவர் கெட்ட வார்த்தையில் திட்டுவார்.

ஐந்தாவது மாதம் ஒரு மத்தியானம் டிரைவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கழிவறைக்குப் போனார். அவள் அவர் இடுப்பில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்தபடி பின்னாலேயே போய், கைப்பிடிக் கம்பியைப் பற்றி அவர் உட்காரும் வரை நின்றாள். உட்கார்ந்ததும் அவர் கதவைக் காட்டினார்.

"நீ வெளிய நில்லு."

அவள் வெளியே வந்தாள். கதவு சாத்திக்கொண்டது. "தாழ்ப்பாள் மட்டும் போடாதீங்கண்ணே" என்றாள்.

"யாரும் உள்ள வராதீங்க!" என்று உள்ளேயிருந்து குழறலாக ஒரு அதட்டல். படுத்த நாளிலிருந்து அந்த மனுஷனுக்குத் தனியாக ஒரு நிமிஷம் கிடைத்ததில்லை. அண்ணி முந்தானையை வாயில் வைத்து அழுதாளா, சிரித்தாளா தெரியவில்லை. ரெண்டு மணிக்கார அக்கா சுவரில் சாய்ந்து, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், காத்துக்கொண்டு நின்றாள்.