யார் பேரில் இருந்தது அந்தப் பத்து வருஷம்

பேபி என்ன வேலை பார்க்கிறாள் என்று மேனாம்பேட்டில் அவள் தெருவில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள். "புஸ்தகக் கம்பெனி" என்பார் எதிர்வீட்டுக்காரர். "இன்சூரன்ஸ் மாதிரி இன்னாவோ ஒரு ஏஜென்டு" என்பாள் மாவுக்கடைக்காரி. கட்டின புருஷன் தங்கராஜ், இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், அவரே "காலேஜுக்கு பேப்பர் போடுது" என்று சொல்லிவிட்டுப் பாடியிலிருக்கும் லேத் பட்டறைக்கு பஸ் பிடிக்கப் போய்விடுவார். பேப்பர் போடுகிறாளாம். காலையில் சைக்கிளில் வந்து வாசலில் வீசிவிட்டுப் போகிறவள் மாதிரி. அதைக் கேட்டால் பேபிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் விளக்கிச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய், இப்போதெல்லாம் அவள் வாயைத் திறப்பதில்லை.

விஷயம் இதுதான். கல்லூரி நூலகங்களுக்கு வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகள் வேண்டும். நாற்பது பத்திரிகை என்றால் பதினைந்து பதிப்பாளர்கள், பதினைந்து விண்ணப்பங்கள், பதினைந்து விதமான நிபந்தனைகள். நூலகர் ஒற்றை ஆளாக இத்தனை பேரோடு மல்லுக்கட்ட முடியுமா? அதனால் நடுவில் ஒரு சந்தா ஏஜென்சி. அம்பத்தூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறையில் ஜானகிராமன் என்பவர் அப்படி ஒன்றை நடத்துகிறார். பத்திரிகைகள் காகிதத்தில், மூட்டை மூட்டையாக வந்த காலத்தில் பேபி அங்கே சேர்ந்தாள். மூன்றாவது இதழ் வந்து சேரவில்லை என்று ஹாலந்துக்குக் கடிதம் எழுதுவது அவள் வேலை. "டியர் பேபி" என்று பதில் வரும். அதை வைத்து ஜானகிராமன் கிண்டல் பண்ணி ஓய்ந்ததே இல்லை.

பிறகு காகிதம் போய் எல்லாம் கணினிக்குள் வந்துவிட்டது. இனி ஏஜென்ட் எதற்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதுதான் இல்லை. காகிதம் ஒரு தடவை வந்துவிட்டால் அலமாரியில் கிடக்கும், யாரும் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. இது அப்படியா? இன்றைக்குத் திறக்கும், நாளைக்குத் திறக்காது. ஒவ்வொரு கல்லூரிக்கும் இணையத்தில் ஓர் அடையாள எண் உண்டு, ஐ.பி. நம்பர் என்பார்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பதிப்பாளரின் பக்கம் திறக்கும். எண் மாறினால் பூட்டு. புதுப்பிக்கத் தாமதமானால் பூட்டு. பத்திரிகை ஒரு பதிப்பாளரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறினாலும் பூட்டு. காலை பத்து மணிக்கு பேபியின் போன் அடித்தால் அது "திறக்கலை மேடம்" என்று சொல்லத்தான் இருக்கும். அமெரிக்காக்காரன், ஐரோப்பாக்காரன் என்று பார்க்காமல் எழுதித் தள்ளி, மறுநாளைக்குள் திறந்து கொடுத்துவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு கர்வமும் இருந்தது. இருக்கட்டுமே, நியாயமான கர்வம்தான்.

கரையான்சாவடி தாண்டி இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரிதான் ஏஜென்சியின் பெரிய வாடிக்கை. அதன் நூலகர் ஜம்புலிங்கம் பதினேழு வருஷப் பழக்கம். நல்ல மனுஷன், கொஞ்சம் பயந்த சுபாவம். இந்த ஜனவரியில் அந்தக் கல்லூரிக்குப் புது முதல்வர் வந்தார். வந்த வேகத்தில், "எல்லாமே இன்டர்நெட்லதானே இருக்கு. நடுவுல ஏஜென்ட் எதுக்கு? நேரா வாங்கிக்கலாமே" என்று கேட்டுவிட்டார்.

"வியாழக்கிழமை கமிட்டி வெச்சிருக்காங்க மேடம்" என்று ஜம்புலிங்கம் போனில் சொன்னார். "நீங்க என்ன செய்யறீங்கன்னு நீங்களே வந்து சொல்லிடுங்க. நான் சொன்னா எடுபடாது."

இதைச் சொன்னதும் ஜானகிராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுபத்திரண்டு வயது அவருக்கு. "அந்தக் காலேஜும் போச்சுன்னா மார்ச்சோட கடையைக் கட்டிட வேண்டியதுதான் பேபி" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் இந்த ஒரு வேலை தெரிந்தவளை வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுக்கப்போகிறான்? அவர் அதைச் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும்.

இந்த நேரம் பார்த்துத்தானா அது வர வேண்டும்? திங்கட்கிழமை காலை ஜம்புலிங்கம் மறுபடி கூப்பிட்டார். நிலத்தடி நீர் பற்றிய ஒரு பத்திரிகை புத்தாண்டு அன்று வேறு பதிப்பாளருக்குக் கைமாறியிருந்தது. கார்த்திகா என்றொரு ஆராய்ச்சி மாணவி, தொழிற்பேட்டைக் கிணறுகளில் கலந்திருக்கும் உலோகக் கழிவைப் பற்றி எழுதுகிற பெண், அதன் பழைய வருஷங்களைத் தேடியிருக்கிறாள். பணம் கட்டிய வருஷங்கள் கட்டியவருக்கு எப்போதும் திறக்க வேண்டும், ஆனால் 2022க்கு முந்தியது எதுவும் திறக்கவில்லை. எழுதிக் கேட்டதற்கு, 2022க்கு முன் உங்கள் கல்லூரி சந்தா கட்டியதாக எங்களிடம் பதிவே இல்லை என்று பதில் வந்திருக்கிறது.

"பத்து வருஷம் கட்டியிருக்கோமே மேடம்" என்றார் ஜம்புலிங்கம்.

"கை மாறும்போது இப்டித்தான் சார் உளறுவாங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள் பேபி. பூட்டியிருக்கும் பக்கம் எப்படித் தெரிகிறது பார்ப்போம் என்று தன் மேஜைக் கணினியில் 2012ஐத் தட்டினாள்.

திறந்தது.

2015ஐத் தட்டினாள், அதுவும் திறந்தது. ஏஜென்சி மேஜையில் எந்தப் பத்திரிகையும் திறக்கக் கூடாது, திறந்ததும் இல்லை. இவர்கள் வாங்கிக் கொடுக்கிறவர்கள், படிக்கிறவர்கள் இல்லையே. பழைய கோப்பை எடுத்துப் பார்க்க பேபிக்குக் கை வரவில்லை. பார்க்காமலே ஞாபகம் வந்துவிட்டது.

2011 டிசம்பர் கடைசி. விண்ணப்பத்தில் முதல்வர் கையெழுத்து வேண்டும். அப்போதைய முதல்வர் மகன் கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போய்விட்டார். முப்பத்தொன்றாம் தேதி தாண்டினால் ஜனவரியில் பூட்டிவிடுவார்கள். அப்போது பேபி ஒரு காரியம் செய்தாள். சந்தாதாரர் என்ற இடத்தில் ஏஜென்சியின் பெயரைப் போட்டு, ஏஜென்சி எண்ணுக்குக் கீழே கல்லூரியின் எண்ணையும் எழுதி அனுப்பினாள். ஜனவரியில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஜனவரியில் கல்லூரியில் ஜம்மென்று திறந்தது. திறந்தபிறகு யார் அதை நினைக்கப்போகிறார்கள்? இந்தத் தொழிலுக்கே உள்ள வியாதி அது, திறந்தால் போதும். வருஷா வருஷம் அதே பெயரில் புதுப்பித்துக்கொண்டே வந்தாள். 2022இல் கல்லூரி இணையக் கம்பெனியை மாற்றியபோது எல்லாவற்றுக்கும் புது ஒப்பந்தம் போட்டார்கள். அன்றிலிருந்துதான் கல்லூரிப் பெயர். பழைய பதிப்பாளர் முந்தைய வருஷங்களைப் பேர் பார்க்காமல் திறந்து விட்டிருந்ததால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. கல்லூரி கட்டிய பத்து வருஷம், இன்றைக்கும் ஏஜென்சியின் பேரில் உட்கார்ந்திருக்கிறது.

சாயங்காலம் வீட்டில் தட்டைப் போட்டுவிட்டுச் சும்மா நின்றாள்.

"இன்னா ஒரு மாதிரியா கீற?" என்றார் தங்கராஜ்.

"ஊரான் ஊட்டு சொத்த பத்து வருசமா எங்க கம்பெனி பேர்ல வெச்சுகினு கீறேன்யா."

"நெலமா?"

"பத்திரிகை." எல்லாவற்றையும் சொன்னாள். தங்கராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"வேற யாருக்குன்னா தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வுடு. அந்தப் பொண்ணுக்கு வேணுங்கறத நீயே எடுத்து அனுப்பிடு. வியாழக்கெழம போய் உன் வேலய பாரு."

தப்பான யோசனை என்று எப்படிச் சொல்வது? பேபிக்கே அது தோன்றியிருந்தது. பழியைப் புதுப் பதிப்பாளர் மேல் போட்டுவிடலாம், கைமாறிய குழப்பம் என்றால் ஜம்புலிங்கம் நம்புவார். செவ்வாய்க்கிழமை காலை கார்த்திகாவை அழைத்து அவளுக்கு வேண்டிய ஆறு கட்டுரைகளின் பெயரைக் கேட்டு வாங்கி, தன் மேஜையிலிருந்தே எடுத்து அனுப்பிவிட்டாள். திருட்டுத்தனம்தான்.

மதியம் அந்தப் பெண் கூப்பிட்டாள். "ரொம்ப தேங்க்ஸ் மேடம். என் கைடு மூணு நாளா திட்டிட்டிருந்தார். மேடம், என் ஜூனியர் பொண்ணு ஒருத்திக்கும் 2014 வேணுமாம். அவ உங்களுக்கே போன் பண்ணலாமா?"

பண்ணச் சொல்லம்மா என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள் பேபி. வைத்தபிறகுதான் உறைத்தது. இன்றைக்கு ஜூனியர், அடுத்த வருஷம் அவளுடைய ஜூனியர். எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுப்பாள்? ஏஜென்சியை மூடினால் அதன் கணக்கும் மூடிவிடும். அப்புறம் இந்தப் பத்து வருஷம் கல்லூரிக்கும் இல்லை, இவர்களுக்கும் இல்லை, ஒருத்தருக்கும் இல்லாமல் போய்விடும். சரிசெய்ய ஒரே வழிதான். இது எங்களுடையது அல்ல என்று ஏஜென்சி எழுதிக் கொடுக்க வேண்டும், ஆமாம் எங்களுடையதுதான் என்று கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட வேண்டும். முதல்வரிடம் கையெழுத்து வாங்குவது என்றால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மறைக்க வழியே இல்லை.

ஜானகிராமனிடம் போய்ச் சொன்னாள். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் லெட்டர்ஹெட் தாள் ஒன்றை எடுத்து அடியில் கையெழுத்துப் போட்டு, "மேல நீயே எழுதிக்கோ" என்று நீட்டினார். அவ்வளவுதான் பேச்சு. புதன்கிழமை முழுக்க பேபி அந்தக் கல்லூரியின் மற்ற நாற்பத்திரண்டு பத்திரிகைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஒன்றுகூடத் தன் மேஜையில் திறக்கவில்லை என்று தெரிந்தபிறகுதான் டீ குடித்தாள்.

வியாழக்கிழமை கமிட்டியில் ஐந்து பேர். முதல்வர் நாற்பது வயதுக்காரர், கறாரானவர், ஆனால் மரியாதையாகப் பேசினார். "சொல்லுங்கம்மா, உங்க ஏஜென்சி எங்களுக்கு என்ன செய்யுது?"

பேபி இரண்டு நாளாக மனப்பாடம் பண்ணி வைத்த பேச்சு ஒரு பக்கத்துக்கு இருந்தது. அதைச் சொல்லவில்லை. "அதுக்கு முன்னாடி நான் செஞ்ச ஒரு தப்ப சொல்லிடறேன் சார்" என்று ஆரம்பித்து, கோயம்புத்தூர்க் கல்யாணத்திலிருந்து செவ்வாய்க்கிழமை அனுப்பிய ஆறு கட்டுரை வரை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். ஜம்புலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

முதல்வர் குறிப்பேட்டை மூடி வைத்தார். "இதை நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது சார்."

"அப்ப ஏன் சொன்னீங்க?"

"உங்க பிள்ளைங்களோடது சார் அது. எங்ககிட்ட இருந்து என்னா பிரயோஜனம்? நாங்க யாரும் அதப் படிக்கறதில்ல."

அவளை வெளியே உட்காரச் சொன்னார்கள். அரைமணி கழித்து ஜம்புலிங்கம் வந்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. இந்த வருஷத்திலிருந்து நேரடியாக வாங்குவது என்று முடிவு. அந்தப் பத்து வருஷத்தை மாற்றித் தரும் கடிதத்தில் முதல்வர் இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறார். வந்து சொன்னதற்கு நன்றியும் சொல்லச் சொன்னாராம்.

"நீங்க சும்மா இருந்திருக்கலாம் மேடம்" என்றார் ஜம்புலிங்கம். "நானே கமிட்டில பேசியிருப்பேன்."

"இருந்திருக்கலாம் சார்" என்றாள் பேபி. "வாங்க, லெட்டர எழுதிடலாம். இருட்டறதுக்குள்ள பஸ்ஸப் பிடிக்கணும்."

நூலகத்தில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து வெள்ளைத்தாளில் முதலில் ஒரு வரைவு எழுதினாள். இங்கிலீஷில்தான் எழுதினாள், இருபத்தைந்து வருஷமாக எழுதி எழுதிப் பழகிய அதே இங்கிலீஷ். தமிழில் சொன்னால் இப்படி வரும். 2012 முதல் 2021 வரை எங்கள் பெயரில் பதிவாகியிருக்கும் சந்தா, தொடக்கம் முதலே இந்தக் கல்லூரிக்குச் சொந்தமானது. அதன் மேல் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. நாங்கள் நடுவில் நின்ற ஏஜென்ட் மட்டுமே.

எழுதி ஜம்புலிங்கத்திடம் நீட்டினாள். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, 'மட்டுமே' என்று வரும் சொல்லை மட்டும் அடித்தார். பயந்த சுபாவக்காரர், இத்தனை வருஷத்தில் அவள் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாத மனுஷர்.

"அது இருந்தா என்னா சார்" என்று கேட்க வாயெடுத்தாள் பேபி. கேட்க முடியவில்லை. கமிட்டி அறையில் வராத அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜம்புலிங்கம் அவர்களைப் பார்த்துப் படிங்க படிங்க என்று கைகாட்டிவிட்டு, அவள் முடிக்கட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"தேதி போடலையே மேடம்" என்றார் பிறகு.

பேபி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவை வாங்கித் தேதியைப் போட்டாள்.