நபெயோக்கின் மௌனமும் நமோயேயின் கிடாரியும்

நபெயோக் வாயை மூடிக்கொண்டு நின்றதை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு தடவையில் எங்கள் குளமே போய்விடும் போல இருந்தது.

நான் எகிதோர். லொட்வார் டவுனிலிருந்து எல்லை மேடு வரை லாரி ஓட்டுகிறவன். அவள் எல்லைச் சந்தையில் சர்க்கரையும் தேயிலையும் மூக்குப்பொடியும் விற்பவள். ஒரு மூட்டை சர்க்கரைக்கு நான் கேட்கும் கூலியை அவள் ஒரு நாளும் பேசாமல் கொடுத்ததில்லை. என் லாரியைத் திட்டுவாள், என்னைத் திட்டுவாள், எங்கள் அப்பாவின் ஒட்டகம் நொண்டியதுகூட நினைவு வரும் அவளுக்கு. கடைசியில் கூலியையும் கொடுத்து, தேநீரும் கொடுப்பாள். அப்படிப்பட்ட வாய்.

அவள் புருஷன் மாட்டுக் கொள்ளையில் செத்தவன். மலைக்கு மேலே இருக்கும் மதெனிகோக்காரர்கள் சுட்டார்கள். எங்கள் துர்க்கானா ஆட்களும் போய்ச் சுட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே பாஷை, ஒரே பால், ஒரே வறட்சி. நடுவில் ஒரு நாட்டெல்லை. புருஷன் போன பிறகு ஒரு கொடும் கோடையில், பிள்ளைகளையும் மிஞ்சிய நாலைந்து ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு, நபெயோக் அந்த மலை மேலேயே ஏறிப் போனாள். குண்டு வருமென்றுதான் போனாளாம். வந்தது நமோயே என்ற ஒருத்தியின் ஏச்சு.

"பிள்ளைங்கள இப்படிக் காயப் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு தாயா? மொதல்ல குடி. சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்" என்று கிணற்றடியில் தன் முறையை விட்டுக் கொடுத்தவள் நமோயே. மழை வந்து நபெயோக் கீழே இறங்கியபோது ஒரு சாம்பல் நிறக் கிடாரியைக் கையில் பிடித்துக் கொடுத்தாள். சில வருஷம் கழித்து மலைமேல் நோய் வந்து நமோயேயின் பட்டி காலியானபோது, நபெயோக் ஒரு செவலை எருதை மேலே அனுப்பினாள். இதெல்லாம் ஊருக்கே தெரியும். ஆனால் யாரும் பேசமாட்டோம். எங்கள் வழக்கம் அது. வாங்கியவன் வாங்கினேன் என்று சொல்லலாம். கொடுத்தவன் கொடுத்தேன் என்று நாலு பேர் முன்னால் சொன்னால், திருப்பிக் கேட்கிறான் என்று அர்த்தம்.

இனி அந்தக் குளத்துப் பணத்தின் கதை. அதற்கு முன்னால் உதவி செய்கிறவர்களின் மூன்று ஜீப்புகள் எங்களுக்கு வரும். ஒன்று மாவு கொடுக்கும். ஒன்று குழாய்க்கிணறு தோண்டும். பம்பு கெட்டால் யார் சரி செய்வது என்று அதற்குத் தெரியாது. மூன்றாவது சமாதான ஜீப். சட்டை கொடுத்து, ஆடு வெட்டி, கைகுலுக்கச் சொல்லிப் படம் எடுக்கும். ஒரே பாதை, ஒரே மரம், உட்கார்ந்திருப்பதும் அதே நாங்கள். மாவு இருக்கும்போது கிண்டத் தண்ணீர் இருக்காது. தண்ணீர் இருக்கும்போது அதற்காக அடித்துக்கொள்வோம்.

பிறகு ஒரு புதிய நிதி வந்தது. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டு நாட்டுப் பக்கத்துக்கும் சேர்த்து, எல்லை மேட்டில் ஒரே பெரிய குளம். வெட்டுகிற கூலி பஞ்சத்துக்குச் சோறு, வெட்டிய குளம் பிழைப்பு, இரண்டு பக்கத்து மாடும் ஒன்றாகக் குடித்தால் அதுதான் சமாதானம். பேச்சு எனக்கே பிடித்திருந்தது. குளத்துக் குழுவில் எங்கள் பக்கத்துக்கு நபெயோக், மேலே நமோயே. ஒரே ஒரு நிபந்தனை: ஒரு பக்கத்துத் திருட்டு மாடு மறுபக்கத்துப் பட்டியில் கிடைத்தால், தீர்வு ஆகும்வரை மொத்தப் பணமும் நிற்கும். நியாயம்தானே என்று எல்லோரும் கைதட்டினோம்.

கரை பாதி எழும்பியிருந்தது. மீதி மண்ணை அள்ளும் இயந்திரம் லொட்வாரில் வாடகைக்குக் காத்திருந்தது. மேலே மொரோத்தோ மலை உச்சியில் மேகம் கூட ஆரம்பித்துவிட்டது. மழைக்கு முன்னால் கரை முடியாவிட்டால், வருகிற வெள்ளம் கட்டியதையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். அந்த நேரம் பார்த்து மாடுகளுக்கு ஊசி போட வந்தவர்கள், நமோயேயின் பட்டியில் செவலை எருதைக் கண்டுபிடித்தார்கள். காதில் எங்கள் பக்கத்து அடையாள வெட்டு, தொடையில் நபெயோக் வீட்டுச் சூட்டுக் குறி.

நிதியின் அதிகாரி கெயூனே தெற்கே கம்பாலாவிலிருந்து வந்தவர். நல்ல மனிதர், அதனால்தான் சட்டத்தை அப்படிப் பிடித்துக்கொண்டார். மரத்தடியில் கூட்டம் போட்டார். நமோயே எழுந்து, அது நபெயோக் கொடுத்த எருது என்று தெளிவாகச் சொன்னாள். வைத்திருப்பவர் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று கெயூனே நபெயோக் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்களா குடுத்தீங்களா?"

நபெயோக் வானத்தைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். அவள் தன் மணிமாலையைச் சரி செய்துகொண்டாள். கொடுத்தேன் என்று சொன்னால் நமோயேயிடம் எருதைத் திருப்பிக் கேட்டவள் ஆவாள். சொல்லாவிட்டால் நமோயே திருடி ஆவாள். கெயூனே இரண்டாவதைத்தான் எழுதிக்கொண்டார். பணம் நின்றது.

எங்கள் பக்கத்துப் பெரியவர் லொமூரியா தன் சிறு முக்காலியில் உட்கார்ந்தபடியே வழி சொன்னார். எருதைத் திருட்டு மாடு என்றே ஒப்புக்கொண்டு, நாம் திரும்ப வாங்கிக்கொண்டால் விவகாரம் தீர்ந்தது, பணம் வந்துவிடும். ஒரு வார்த்தைதானே என்றார். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மேகத்தைப் பார்த்தால் அவர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. அதைவிடக் கொடுமை, நமோயேயே ஒத்துக்கொண்டாள்.

"ஓட்டிட்டுப் போ நபெயோக். களவாணின்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. அந்தப் பேரால ஒரு குளம் ரொம்புதுன்னா ரொம்பட்டுமே."

நபெயோக்குக்கு அப்போதுதான் வாய் வந்தது. "ஒன்ன களவாணியாக்கிக் கட்டற குளத்துல என் மாடு வாய் வைக்காது" என்றாள். கெயூனேயிடம் திரும்பி, இயந்திரத்தை ஒரு நாள் மட்டும் பிடித்துவைக்கச் சொல்லிவிட்டு நடந்தாள்.

கெயூனேயைத் தங்குமிடத்தில் இறக்கிவிடப் போனபோது வழியெல்லாம் வழக்கத்தை விளக்கினேன். "அப்ப அவங்க வாயால ஒரு வார்த்த சொல்லிடலாமே" என்றார். படித்த மனுஷன்தான், ஆனால் நான் சொன்னதில் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கோபத்தில் ஒரு பள்ளத்தையும் விடாமல் லாரியை இறக்கி ஏற்றினேன்.

மறுநாள் வெயில் ஏறும்போது நபெயோக் வந்தாள். கையில் கயிறு, கயிற்றில் சாம்பல் நிறப் பசு. அன்றைய கிடாரிதான், இப்போது அதன் கன்றுகளும் கூடவே வந்தன. காதில் மதெனிகோ வெட்டு, தொடையில் நமோயே வீட்டுச் சூடு. கெயூனேயின் நாற்காலிக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினாள். மறுபக்கத்து அடையாளம் உள்ள மாட்டைத் தானாகவே கொண்டுவந்து நிறுத்துவது என்றால், அந்தச் சட்டப்படி அவளும் திருடிதான். மாடு போகும், கன்றுகள் போகும், பேரும் போகும். தெரிந்தேதான் வந்தாள்.

"ஐயா, இது நமோயே மாடு. பஞ்சத்துல எனக்குக் குடுத்தா. நான் வாங்கினேன். இதோட பாலுலதான் என் பிள்ளைங்க பொழச்சுது. எழுதிக்கிடுங்க."

கெயூனே பசுவைப் பார்த்தார், நமோயேயைப் பார்த்தார். கொடுத்தது உண்மையா என்று கேட்டார். நமோயே வானத்தைப் பார்த்தாள். முந்தின நாள் நபெயோக் பார்த்த அதே இடத்தை. அந்த மனிதரின் முகத்தில் ஏதோ அசைந்ததை நான் கண்ணால் கண்டேன்.

"இப்ப ரெண்டு திருட்டு மாடா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பில்தான் லொமூரியா எழுந்தார். வேண்டா வெறுப்பாக, புகையிலையைத் துப்பிவிட்டு, தன் பட்டியைத் திறந்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினார். வந்தவற்றில் மூன்று மாடுகளுக்கு மதெனிகோ வெட்டு.

"வாங்கினேன். வாங்கினேன். அந்த மொட்டைக் கொம்பன் மட்டும் நல்லா இல்ல, ஆனாலும் வாங்கினேன்" என்றார் கிழவர்.

அதற்குப் பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. மேலேயிருந்து மதெனிகோக்காரர்கள் எங்கள் காது வெட்டுள்ள மாடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கினார்கள். கீழேயிருந்து எங்கள் ஆட்கள் அவர்களுடையதை ஓட்டி ஏறினார்கள். ஒட்டகம் வந்தது, கழுதை வந்தது. ஒவ்வொருவனும் ஒரு பேரைச் சொல்லி, வாங்கினேன் என்றான். பேர் சொல்லப்பட்டவன் ஒவ்வொருவனும் வானத்தைப் பார்த்தான். அத்தனை பேர் ஒரே நேரத்தில் மேலே பார்த்ததில் மழையே பயந்திருக்கும். அத்தனை வருஷம் சுட்டுக்கொண்டிருந்தபோதும் இவ்வளவு மாடுகள் கை மாறியிருந்தன என்று அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

கெயூனே எழுதிக்கொண்டிருந்த தாளை மடித்தார். பிறகு மேட்டின்மேல் ஏறி, சிக்னல் கிடைக்கும் பாறையில் நின்று தலைமை அலுவலகத்தோடு சண்டை போட்டார். இங்கே இவர்களை ஒன்றாக வாழவைக்கப் பணம் கொடுக்க வரவில்லை, ஏற்கெனவே ஒன்றாக வாழ்கிறவர்களுக்குக் குளம் வெட்ட வந்திருக்கிறோம் என்று கத்தினார். இறங்கி வந்து என்னிடம் ஒரே வார்த்தை சொன்னார்: "லாரிய எடுங்கண்ணே." இயந்திரத்தைக் கொண்டுவரப் போனபோது ஒரு பள்ளத்தைக்கூட நான் தொடவில்லை.

இரண்டு பக்கத்து ஆட்களும் கூலிக்கும் கூலிக்கு மேலும் மண் சுமந்தார்கள். கரை முடிந்த பிறகுதான் மழை இறங்கியது. குளம் நிரம்பியது. நபெயோக் கரையில் நின்று மழையையும் என் லாரியையும் சேர்த்தே திட்டினாள், அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

அடுத்த வருஷம் நிதி கொடுத்தவர்கள் தூரதேசத்திலிருந்து குளத்தைப் பார்க்க வந்தார்கள். செவலை எருது தண்ணீரில் முழங்கால்வரை இறங்கி நின்றது. அதன் சூட்டைப் பார்த்த ஒருவர், நபெயோக்கின் தோள்துணியில் தைத்திருந்த அதே குறியையும் பார்த்துவிட்டு, அது உங்கள் மாடா என்று அவளிடம் கேட்டார்.

நபெயோக் வானத்தைப் பார்த்தாள். நானும் மேலே பார்த்தேன். பக்கத்தில் நின்ற கெயூனேதான் சொன்னார்:

"அவங்ககிட்ட அதக் கேக்காதீங்க சார். அது நமோயே அம்மாவோட எருது."